பீடைநாசினியும் மனிதரும்: நஞ்சின் ஆபத்தை மதிப்பிடும் முறை

நெல்லிலே தத்தி கண்டதென்றாலும், மிளகாயிலே இலை சுருண்டதென்றாலும், கமக்காரர் முதலில் நாடுவது கடையிலுள்ள போத்தலையே. அப்போத்தலில் இருப்பதை நாம் வழக்கத்தில் ‘மருந்து’ என்கிறோம். பயிரை நோக்க அது மருந்துதான்; மனிதரை நோக்க அது நஞ்சு. இவ்விரண்டு குணமும் ஒரே போத்தலில் அடங்கியிருத்தலால், அதனை வாங்குமுன் பயிருக்கு வரும் நன்மையை எண்ணுவது போலவே வீட்டுக்கும் ஊருக்கும் வரக்கூடிய தீமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் எண்ணிப் பார்க்கும் முறையை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறுகின்றேன். யான் கமத்தொழிற் பாடசாலையில் டிப்ளோமாப் பெற்று, வன்னிப் பகுதியிலுள்ள ஒரு குடியேற்றத் திட்டத்தில் முதன்முதலாகக் கடமையேற்ற காலம் அது. அடுத்தடுத்த காணிகளில் நெற்செய்த சகோதரர் இருவர், ஒரு போத்தல் பூச்சிநாசினியை இருவருமாகப் பங்கிட்டுக்கொள்ள விரும்பினர். தம்பியார் வெறுஞ் சோடாப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். அளவுக் குவளையால் அளந்து, அவருடைய பங்கை அதில் ஊற்றிக் கொடுத்தவன் யானே. ஏக்கருக்கு எவ்வளவு, தெளிகருவிக்கு எவ்வளவு என்பதில் ஒரு துளியும் பிழையில்லை. அன்று மாலை அப்போத்தல் அவருடைய வீட்டுத் திண்ணையில் இருந்தது. பாடசாலையிலிருந்து தாகத்தோடு வந்த எட்டு வயதுப் பிள்ளை அதனை எடுத்து மூடியைத் திறந்தது. மணத்தை உணர்ந்த பாட்டியார் ஓடிச்சென்று போத்தலைத் தட்டிவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் நேரவில்லை. மறுநாள் அவ்வழியாகச் சென்ற என்னை அம்மூதாட்டியார் அழைத்து, “தம்பி, பயிருக்குச் சரியாக அளந்து கொடுத்தீர்கள், பிள்ளையை மறந்துபோனீர்கள்” என்றார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. யான் பயிரின் தேவையை அளந்தேன்; அந்நஞ்சு எவ்விடத்தில் இருக்கும், யார் கைக்கு எட்டும் என்பதை அளக்கவில்லை.

நஞ்சும் ஆபத்தும் வேறு

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்பது நம்மவர் பழமொழி. எப்பொருளும் அளவைப் பொறுத்தே நஞ்சாகின்றது என்னும் உண்மை அதிலடங்கியுள்ளது. உப்பும் மிகுந்தால் தீங்கு செய்யும். கொடிய நஞ்சும் உடலைத் தீண்டாதவரையில் தீங்கு செய்யாது. எனவே ஒரு பொருள் எத்துணைக் கொடியது என்பது ஒரு கேள்வி. அப்பொருள் மனித உடலில் எவ்வளவு, எத்தனை முறை, எவ்வழியாகச் சேர்கின்றது என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தாலன்றி ஆபத்து இன்னதெனத் தெரியவராது. கொட்டிலில் கட்டிய புலியினும், வீட்டு வாசலில் அவிழ்த்துவிட்ட கடிநாய் அதிக ஆபத்தை விளைவித்தல் கூடும்.

பொருளின் கொடுமையைப் பொறுத்து உலகச் சுகாதாரத் தாபனம் பீடைநாசினிகளை வகுப்புகளாகப் பிரித்துள்ளது. முதலாம் வகுப்பு மிகக் கொடியது; அதற்கு அடுத்த வகுப்புகள் படிப்படியாகக் கொடுமை குறைந்தவை. இதனை விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனம், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நிறப்பட்டைகளைச் சுட்டுத்துண்டில் இடுமாறு வழிகாட்டியுள்ளது. சிவப்பு மிகக் கொடியதையும், பச்சை சாதாரண உபயோகத்தில் தீங்கு குறைந்ததையும் காட்டும். எழுத்து வாசிக்க இயலாதவரும் நிறத்தைக் கண்டு எச்சரிக்கையாக இருத்தல் கூடும்.

ஆயினும் நிறத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது. இவ்வகுப்புகள் பெரும்பாலும் எலிகளுக்கு நஞ்சூட்டிக் கண்ட அளவுகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. எலிக்கு நேர்வதெல்லாம் மனிதருக்கும் அவ்வாறே நேரும் என்பதில்லை. பரக்குவாட் என்னும் களைநாசினி எலிகளைக்கொண்டு வகுத்தபோது இரண்டாம் வகுப்பிலேயே இடம்பெற்றது. மனிதருக்கு அது எத்துணைக் கொடியது என்பதை வைத்தியசாலைக் கணக்குகளே வெளிப்படுத்தின. அதன் பின்னரே, 2008 ஆம் ஆண்டு தொடங்கி 2011 ஆம் ஆண்டுக்குள், அது இந்நாட்டிலிருந்து படிப்படியாக நீக்கப்பட்டது.

நஞ்சு உடலுட் புகும் வழிகள்

பீடைநாசினி உடலுட் புகும் வழிகள் மூன்று: தோல், மூச்சு, வாய். இவற்றுள் வாய்வழியே மிகுந்த அச்சத்தைத் தருவது. ஆனால் வயலில் வேலை செய்வோருக்குத் தோலே பெரிய வாசல் என்பதைப் பலர் அறியார். தோலின் எல்லாப் பகுதிகளும் நஞ்சை ஒரே அளவாக உறிஞ்சுவதில்லை. முன்கையினும் நெற்றியும் அக்குளும் அரைப்பகுதியும் பன்மடங்கு விரைவாக உறிஞ்சும். தெளிகருவி ஒழுகி முதுகும் அரையும் நனைந்த சாரத்தோடு மாலைவரை நிற்பவர், தம்மை அறியாமலே நஞ்சை ஏற்றுக்கொள்கின்றார்.

கலக்கும் நேரமே அதிக ஆபத்தான நேரம் என்பதை ஒரு சிறு கணக்கினால் காட்டுவோம். 16 இலீற்றர் கொள்ளும் தெளிகருவிக்கு 40 மில்லிலீற்றர் பூச்சிநாசினி சேர்க்கும்படி சுட்டுத்துண்டு கூறுகின்றது என வைத்துக்கொள்வோம். 16 இலீற்றர் என்பது 16,000 மில்லிலீற்றர். அதனை 40 ஆற் பிரிக்க 400 வரும். அதாவது, கலந்த நீரிலும் போத்தலிலுள்ள சரக்கு 400 மடங்கு கடுமையானது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் சரக்கு கையிற் சிந்தினால், கலந்த நீர் 2 இலீற்றரைக் கையில் ஊற்றிக்கொண்டதற்கு அஃது ஒப்பாகும். விசிறும்போது முகமூடி அணிந்தும், கலக்கும்போது வெறுங்கையாற் கலக்கியும் வேலை செய்பவர், கதவைப் பூட்டிவிட்டுக் கூரையைத் திறந்து வைத்தவரேயாவர். கையுறை முதலில் வேண்டுவது கலப்பவருக்கே. குச்சியினாற் கலக்குக, கையினாற் கலக்கற்க.

சேதன பொசுபரசு, காபமேற்று என்னும் இருவகைப் பூச்சிநாசினிகளும் நரம்பின் தொழிலைச் சீர்ப்படுத்தும் ஒரு நொதியத்தைச் செயலிழக்கச் செய்வன. தலையிடி, தலைச்சுற்று, மிகுந்த வியர்வை, வாயூறல், கண்ணீர், பார்வை மங்கல், வாந்தி, வயிற்றுவலி, தசைத் துடிப்பு ஆகியன அதன் குறிகள். சேதன பொசுபரசினாற் குறைந்த நொதியம் ஓரிரவில் மீண்டு நிரம்புவதில்லை. எனவே முதல்நாள் விசிறி ஒன்றும் நேராதவர், தொடர்ந்து மூன்றாம் நாளும் நான்காம் நாளும் கூலிக்கு விசிறும்போது அதே அளவினால் நோயுறுதல் கூடும். “நேற்று ஒன்றும் செய்யவில்லையே” என்பது இன்றைக்குக் காப்பாகாது.

மக்கட்டொகையில் ஆபத்தை எவ்வாறு அளப்பது?

தனி ஒருவருக்கு நேர்ந்ததைக் கண்டு ஊரின் நிலையைத் தீர்மானித்தல் தகாது. ஊருக்கு ஒன்றும் நேரவில்லையெனக் கேள்விப்பட்டு நிம்மதியடைதலும் தகாது. எண்ணிக்கை வேண்டும். அவ்வெண்ணிக்கையும் எத்தனை பேரில், எத்தனை காலத்தில் என்பதோடு சேர்ந்திருத்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக இரு கிராமங்களைக் கற்பனை செய்வோம். ஒரு கிராமத்தில் 200 குடும்பங்கள்; ஒரு பெரும்போகத்தில் விசிறியபின் நோயுற்றோர் 6 பேர். மற்றதில் 50 குடும்பங்கள். அதே போகத்தில் நோயுற்றோர் 3 பேர். ஆறு மூன்றினும் பெரிது என்பதனால் முதற் கிராமமே கெட்டது எனச் சிலர் கூறுவர். ஆனால் 100 குடும்பங்களுக்கு இத்தனை பேர் எனக் கணக்கிட்டால், முதற் கிராமத்தில் 3, இரண்டாவதில் 6. இரண்டாம் கிராமமே இருமடங்கு ஆபத்தில் இருக்கின்றது. அங்குச் சென்று விசாரித்தால் ஒழுகும் தெளிகருவியோ, எல்லாருக்கும் கூலிக்கு விசிறும் ஒருவரோ, கடையில் புதிதாக வந்த ஒரு சரக்கோ காரணமாயிருத்தல் கூடும்.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். வைத்தியசாலையின் புத்தகத்தில் ஏறுபவர் கடுமையாக நோயுற்றவர் மாத்திரமே. தலையிடியோடு வீடு திரும்பி, தேசிக்காய்த் தண்ணீர் குடித்துப் படுத்தவர் எந்தக் கணக்கிலும் சேரார். நீரின் மேலே தோன்றும் பாறையின் நுனியை மட்டும் கண்டு தோணி செலுத்துபவன் அடியில் மோதுவான். ஆகவே இறந்தோர், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர், வீட்டிலேயே நோயுற்றுத் தேறியோர் என மூன்றையும் வேறுவேறாக எண்ணுதலே முறையான மதிப்பீடாகும்.

நம் நாட்டின் அநுபவம்

இத்தகைய கணக்கெடுப்பினால் விளைந்த பயனுக்கு உலகத்தார் எடுத்துக்காட்டும் நாடு நமது இலங்கையே.

1975 ஆம் ஆண்டு முதல் 1980 ஆம் ஆண்டு வரையுள்ள வைத்தியசாலைப் பதிவுகளை ஆராய்ந்து, பேராசிரியர் ஜெயரட்ணமும் அவருடன் உழைத்தோரும் 1982 ஆம் ஆண்டிலே ஓர் அறிக்கையை வெளியிட்டனர். ஆண்டுதோறும் சராசரி 13,000 பேர் பீடைநாசினி நஞ்சினால் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர் என்றும், அவர்களுள் ஏறக்குறைய 1,000 பேர் இறந்தனர் என்றும் அதனால் தெரியவந்தது. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டின் மக்கட்டொகை ஏறக்குறைய 1 கோடியே 48 இலட்சம். அதனைக்கொண்டு கணக்கிட்டால் 100,000 பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 90 பேர் நஞ்சினால் வைத்தியசாலை சேர்ந்தனர் எனக் கொள்ளலாம்.

அவர்களுள் நூற்றுக்கு 73 பேர் மனவேதனையினால் தாமே நஞ்சை அருந்தியவர். நூற்றுக்கு 25 பேர் தொழில் செய்யும்போதும் தற்செயலாகவும் நஞ்சேறியவர். இந்த 25 பங்கே ஆண்டொன்றுக்கு மூவாயிரம் பேருக்கு மேலாகும். அதற்கு முன்னர், பாதுகாப்பாக விசிறும் முறையைக் கமக்காரருக்குக் கற்பித்தால் போதும் எனப் பலர் எண்ணியிருந்தனர். எண்ணிப் பார்த்தபோதோ, பெரும் இழப்பு வயலிலன்றி வீட்டினுள்ளே நேர்வது வெளிப்பட்டது.

1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தினால், பதிவு செய்யாத பீடைநாசினியை இந்நாட்டிற் கொணர்தல் தடுக்கப்பட்டது. கொடியவற்றை நீக்கும் அதிகாரமும் பதிவாளருக்குக் கிடைத்தது. 1984 ஆம் ஆண்டில் பரதையனும் மெதைல் பரதையனும் நீக்கப்பட்டன. 1995 ஆம் ஆண்டில் எஞ்சியிருந்த முதலாம் வகுப்புப் பூச்சிநாசினிகளான மெதமிடோபொசு, மொனோகுரோட்டோபொசு ஆகியனவும் நிறுத்தப்பட்டன. அவற்றின் இடத்தை எண்டோசல்பான் பிடித்துக்கொண்டது. அதனாலும் உயிரிழப்பு மிகுவதைக் கணக்குகள் காட்டவே, 1998 ஆம் ஆண்டில் அதுவும் நீக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டு முதல் 2011 ஆம் ஆண்டு வரையில் பரக்குவாட்டுடன் டைமெதோயேற்றும் பென்தியனும் நீக்கப்பட்டன.

இதன் பயன் யாது? 1950 ஆம் ஆண்டிலிருந்து 1995 ஆம் ஆண்டு வரையில் இந்நாட்டில் தம்முயிரைத் தாமே மாய்த்தோரின் வீதம் எட்டு மடங்காகி, 100,000 பேருக்கு 47 என உயர்ந்திருந்தது. 2005 ஆம் ஆண்டளவில் அது 24 ஆகக் குறைந்தது, பின்னரும் குறைந்தது. 1995 ஆம் ஆண்டு முதல் 2015 ஆம் ஆண்டு வரையில் ஏறக்குறைய 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தோரின் தொகை அக்காலத்தில் அவ்வளவாகக் குறையவில்லை. வந்தோருள் இறந்தோரின் தொகையே பெரிதும் குறைந்தது. மனிதரின் துயரம் மாறவில்லை. கைக்கெட்டிய பொருளின் கொடுமை குறைந்தது. சில நிமிட வேதனையில் தவறியவர் பிழைத்தெழுந்து, தம் பிள்ளைகளோடு மீண்டும் வாழ்ந்தனர்.

விளைச்சல் குறைந்ததா?

கொடிய பூச்சிநாசினிகளை நீக்கினால் பயிர் அழியும், நெல் குறையும் எனப் பலர் அஞ்சினர். கமக்காரர் அஞ்சியதும் நியாயமே. கடன்பட்டு விதைத்தவனுக்குத் தத்தி என்ற சொல்லே நடுக்கம் தருவது. ஆனால் இத்தடைகளின் முன்னும் பின்னும் உள்ள விளைச்சலை ஒப்பிட்டு ஆய்ந்தபோது, அவற்றினால் நெல்லின் விளைச்சலோ மரக்கறியின் விளைச்சலோ குறைந்ததாகக் காணப்படவில்லை.

இந்தோனேசியாவின் அநுபவமும் இத்தகையதே. அந்நாடு 1986 ஆம் ஆண்டில் நெல்லுக்கு உபயோகித்த 57 வகைப் பூச்சிநாசினிச் சரக்குகளைத் தடைசெய்தது. மண்ணிறத் தத்தியை உண்ணும் சிலந்திகளையும் நல்ல பூச்சிகளையும் அப்பூச்சிநாசினிகள் கொன்றுவிட, தத்தி முன்னிலும் பெருகியதே அத்தடைக்குக் காரணம். தடைக்குப் பின்னரும் அங்கு நெல் உற்பத்தி தளரவில்லை. நெல் விதைத்து முதல் 40 நாட்களுள் இலையைத் தின்னும் புழுக்களைக் கண்டு விசிறுதல் பெரும்பாலும் வீண்செலவு. பயிர் புதிய இலை விட்டுத் தன்னைத் தேற்றிக்கொள்ளும். வேண்டாத விசிறலைத் தவிர்த்தவர் பணத்தையும் மிச்சப்படுத்தினார். நஞ்சு உடலிற் சேரும் நாட்களையும் குறைத்தார்.

வயலுக்கு வெளியே நஞ்சு

நஞ்சு வயலோடு நின்றுவிடுவதில்லை என்பதற்குப் பிறநாட்டு நிகழ்ச்சிகள் மூன்றைக் காட்டுவோம்.

1958 ஆம் ஆண்டில் கேரளத்தில், உணவுப் பண்டங்களுடன் ஒரே கப்பலில் ஏற்றப்பட்ட பரதையன் கசிந்து அவற்றிற் கலந்தமையால், 100 பேருக்கு மேல் இறந்தனர். 1971 ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக் நாட்டுக் கமக்காரருக்கு விதைப்பதற்கென இரசச் சேர்வை பூசிய தானியம் வழங்கப்பட்டது. பஞ்சத்தில் வாடிய மக்கள் பலர் அதனை அரைத்து உரொட்டி சுட்டு உண்டனர். 6,530 பேர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் இறந்தனர். சாக்கில் எழுதியிருந்த எச்சரிக்கை அவர்கள் அறியாத மொழியில் இருந்தது. உண்டவுடன் நோய் தோன்றாமல் வாரங்கள் கழித்துத் தோன்றியதனால், தானியம் தீங்கற்றதென அவர்கள் நம்பிவிட்டனர். 2013 ஆம் ஆண்டில் இந்தியாவின் பீகார் மாநிலத்தில், ஒரு பாடசாலையின் மதிய உணவை உண்ட பிள்ளைகள் 23 பேர் இறந்தனர். சமையலெண்ணெயில் மொனோகுரோட்டோபொசு கலந்திருந்தது பரிசோதனையிற் கண்டறியப்பட்டது.

இம்மூன்றிலும் விசிறியவர் எவரும் இறக்கவில்லை. ஏற்றியவர், சேமித்தவர், அரைத்தவர், சமைத்தவர் என்னும் இவர்களின் கைகளினூடே நஞ்சு சென்றது. எனவே ஆபத்தை மதிப்பிடும்போது, போத்தல் கடையிலிருந்து புறப்பட்டு வெறும் போத்தலாகி ஒழியும் வரையில் அது செல்லும் வழி முழுவதையும் நோக்குதல் வேண்டும்.

உங்கள் கமத்தை நீங்களே மதிப்பிடுக

ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் கமக்காரர் பின்வரும் கேள்விகளைத் தம்மையே கேட்டு, விடைகளை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் நன்று.

1. வீட்டில் இப்பொழுது எத்தனை போத்தல் பீடைநாசினி உண்டு? அவற்றுள் இப்போகத்துக்கு வேண்டியவை எத்தனை? வேண்டாதது ஒன்று இருப்பினும் அது வீண் ஆபத்தே.

2. அவை யாவும் தத்தம் போத்தலில், சுட்டுத்துண்டுடன் உள்ளனவா? சோடாப் போத்தலிலோ சாராயப் போத்தலிலோ எண்ணெய்த் தகரத்திலோ ஊற்றிய சரக்கு, பெயரற்ற பாம்பு போன்றது.

3. கலப்பவர் யார்? விசிறுபவர் யார்? ஒருவரே தொடர்ந்து எத்தனை நாள் விசிறுகின்றார்? கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறுவரும் இவ்வேலையிற் சேரவே கூடாது.

4. விசிறிய வயலுள் அடுத்து இறங்குபவர் யார்? களை பிடுங்கும் பெண்களுக்கும் மிளகாய் ஆயும் பிள்ளைகளுக்கும் நேற்று விசிறியது தெரியுமா? விசிறிய காணியில் ஒரு கொடியேனும் நாட்டி வைத்தல் நல்வழக்கம்.

5. தெளிகருவியை எங்கே கழுவுகின்றீர்கள்? யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நிலத்தின் அடி சுண்ணக்கல்லாதலால், மேலே ஊற்றியது விரைவில் கிணற்றைச் சேரும். ஒரு கிணற்றடியில் கழுவிய நஞ்சு அயற்கிணற்றிலும் ஊறுதல் கூடும். கழுவிய நீரைப் பயிருக்கே விசிறுக. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கழுவற்க.

6. விசிறிய எத்தனையாம் நாள் அறுவடை? இது மரக்கறி செய்வோர் தம் மனச்சாட்சியைக் கேட்கவேண்டிய கேள்வி. கத்தரியும் பாகலும் சில நாட்களுக்கு ஒருமுறை ஆயப்படுபவை. சுட்டுத்துண்டோ 7 நாள் அல்லது 14 நாள் பொறுக்கச் சொல்லும். எனவே முதலில் ஆய்ந்துவிட்டுப் பின்னர் விசிறுக. அடுத்த ஆய்வுக்கு முன் இடைவெளி முடிவடையக்கூடிய சரக்கையே தெரிவுசெய்க. சந்தைக்குப் போகும் கூடை அயலூர்ப் பிள்ளையின் தட்டுக்கே போகின்றது.

இவற்றுள் எக்கேள்விக்கு விடை கூறத் தயங்குகின்றீர்களோ, அவ்விடத்திலேதான் உங்கள் ஆபத்து இருக்கின்றது. அதனை முதலிற் சீர்செய்க.

பெட்டியும் பூட்டும்

நஞ்சைப் பூட்டி வைத்தால் போதாதா எனக் கேட்பார் உளர். அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களைத் தெரிந்து, அவற்றுட் பாதிக் கிராமங்களின் கமக்காரருக்குப் பூட்டக்கூடிய பெட்டிகளை வழங்கிப் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தனர். 2017 ஆம் ஆண்டில் அவ்வாய்வின் முடிவு வெளியாயிற்று. பெட்டி பெற்ற கிராமங்களிலும் தாமே நஞ்சருந்துவோரின் தொகை குறைந்ததாகக் காணப்படவில்லை. திறப்பு வீட்டிலுள்ளோர் கைக்கு எட்டுவதே, கடையும் தூரத்திலில்லை.

இதனாற் பூட்டு வேண்டாமென்பது கருத்தன்று. சிறு பிள்ளைகளைக் காக்கப் பூட்டிய பெட்டியும் உயர்ந்த இடமும் வேண்டும். ஆனால் பூட்டினும் சிறந்த காவல், வீட்டில் நஞ்சே இல்லாமையாகும். வேண்டியபோது, வேண்டிய அளவை மட்டும், சிறிய போத்தலில் வாங்கி அன்றே விசிறி முடித்தல் உத்தமம். ‘மலிவாகக் கிடைத்தது’ என வாங்கி வைத்த பெரிய போத்தல், ஒரு கடன்காரன் வந்துபோன இரவில் எவ்வளவு விலையுயர்ந்ததாக முடியும் என்பதை எம்மிற் பலர் கண்டுள்ளோம்.

விளைச்சல் பொய்த்தோ, கடனாலோ, குடும்பச் சச்சரவாலோ மனம் உடைந்த ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருப்பின், முதலிற் செய்யவேண்டியது அவரருகில் இருந்து அவர் சொல்வதைக் கேட்டல்; அடுத்தது வீட்டிலுள்ள நஞ்சை அவ்வீட்டிலிருந்தே அகற்றல். 1926 என்னும் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. நோயுற்ற எருதுக்கு வைத்தியரை அழைக்கும் நாம், மனிதருக்கு அழைக்கத் தயங்குதல் ஆகாது.

நஞ்சேறியவருக்குச் செய்யத்தக்கவை

நஞ்சேறியவரை உடனே வயலிலிருந்து அகற்றிக் காற்றோட்டமுள்ள இடத்திற் சேர்க்குக. நனைந்த உடைகளைக் களைந்து, உடலைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவுக. கழுவுபவர் தம் கைகளையும் காத்துக்கொள்ளல் வேண்டும். கண்ணிற் பட்டிருந்தால் தூய நீரினால் 15 நிமிடம் இடைவிடாது கழுவுக. உணர்விழந்தவரை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்குக.

செய்யத்தகாதவை: வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. உப்புநீர், பால், எண்ணெய், முட்டை ஆகியவற்றைப் பருக்குதல் கூடாது. இவை மூச்சுக் குழாயுட் சென்று உயிருக்கே இடராகலாம். ‘கொஞ்சம் பார்ப்போம்’ எனக் காத்திருத்தல் எல்லாவற்றினும் தீது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் ‘சுவசெரிய’ நோயாளர் வண்டி இலவசமாக வரும். வைத்தியசாலைக்குச் செல்லும்போது போத்தலை அல்லது அதன் சுட்டுத்துண்டைக் கொண்டு செல்க. எந்நஞ்சு என்பதை வைத்தியர் அறிந்தால், தகுந்த மாற்றுமருந்தைத் தாமதமின்றிக் கொடுப்பார்.

வெறும் போத்தலை மும்முறை நீர்விட்டுக் கழுவி, அந்நீரைத் தெளிகருவியிலேயே சேர்த்துவிடுக. பின்னர் எவரும் எதற்கும் உபயோகிக்க இயலாதவாறு துளையிடுக.

முடிவாக

நாடு முழுவதையும் எண்ணி ஆய்ந்தோர் கண்ட உண்மை, ஒரு வீட்டுத் திண்ணையிலே ஒரு மூதாட்டியார் கண்ட உண்மையே. பயிரை மட்டும் பார்த்து நஞ்சை அளப்பவனுடைய கணக்கு அரைக்கணக்கு. கலப்பவர், விசிறுபவர், களை பிடுங்குபவர், உண்பவர், ஓடிவிளையாடும் பிள்ளை, மனம் நொந்த அயலவர் என்னும் இத்தனை பேரையும் சேர்த்து எண்ணினாற்றான் கணக்கு நிறைவுறும்.

கமக்காரர் சங்கங்கள் ஒவ்வொரு போக முடிவிலும், தம் கிராமத்தில் எத்தனை குடும்பங்கள் பீடைநாசினி விசிறின, எத்தனை பேர் நோயுற்றனர், எந்தச் சரக்கினால், எவ்வேலையின்போது என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தம் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்தல் பேருதவியாகும். அப்பக்கத்தை எழுதச் செல்வது அரைமணி நேரமே. அத்தகைய பக்கங்களிலிருந்தே இந்நாட்டில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த தீர்மானங்கள் பிறந்தன.

என் பிரிவில் யான் இப்பொழுது எவருக்கும் வேறு போத்தலில் ஊற்றிக் கொடுப்பதில்லை. இருவர் பங்கிட விரும்பினால், இருவரும் ஒரே நாளில், ஒரே போத்தலிலிருந்து விசிறி முடித்துவிடுமாறு கூறுகின்றேன். அந்தப் பிள்ளை இன்று வளர்ந்து தந்தையாருக்கு உதவியாக வயலில் நிற்கின்றது. அவ்வீட்டில் போகம் முடிந்தபின் ஒரு துளி நஞ்சும் எஞ்சியிருப்பதில்லை.